சறுக்கை எடுத்துவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

எங்கள் அடுக்குமாடியின் விளையாட்டு இடத்தில் ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல்கள், கையால் தொங்கித் தொங்கிக் கடக்கும் ஓர் இரும்பு ஏணி, அவ்வளவுதான். கோலாலம்பூரில் செந்தூல் பக்கத்து நடுத்தர விலை அடுக்குமாடிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தரையில் பதித்த ரப்பர் ஓடுகள் ஓரம் சுருண்டு, நடுவில் கல்லாக இறுகிவிட்டன. போன பள்ளி விடுமுறையில் மூன்றாம் மாடிச் சிறுமி ஒருத்தி அந்த ஏணியிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. அன்றிரவே எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாக்குவாதம் தொடங்கியது. மறுநாள் ஜாகா (காவலாளி) சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக் கட்டினார். இரண்டு மாதமாகியும் நாடா அவிழவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இப்போது மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்த இடத்தை மோட்டார் நிறுத்துமிடமாக்குவது ஒன்று. பழையதைத் தூக்கிவிட்டு, கூரை போட்ட புது பிளாஸ்டிக் சறுக்குத் தொகுதியும் புது ரப்பர் தரையும் போடுவது இன்னொன்று. உறுதியாக இருக்கும் இரும்புச் சாமான்களைப் பழுதுபார்த்து, கீழே ஆழமாக மணல் நிரப்பி, ஓரத்தில் மண்மேடும் மரக்கட்டைகளும் நிழல் மரமும் வைப்பது மூன்றாவது. தாளில் எழுதாத நான்காவது யோசனையும் உண்டு. "விளையாட வேண்டுமென்றால் பேரங்காடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே!" என்று குழுவில் இரண்டு மூன்று பேர் எழுதினார்கள்.

எனக்கு நான்கு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன். நான் மூன்றாவது யோசனைக்குத்தான் கையைத் தூக்கப் போகிறேன். ஆனால் அதிலும் சங்கடங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு வாக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கழற்றிவிடும் யோசனை. அதைக் கொண்டுவந்த மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "நாளைக்கு இன்னொரு பிள்ளை தலையில் அடிபட்டால் யாரம்மா பொறுப்பு?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மாலை மழை விட்டு ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் கீழே இறங்கும்போது, சறுக்கு இல்லையென்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

இதற்குப் பதிலை ஊகிக்க வேண்டியதில்லை. நாடா கட்டியதால் இரண்டு மாதமாகக் கண்முன்னே நடக்கிறது. போன வாரம் ஐந்து மாலைகள் கீழே நின்று எண்ணினேன். ஒருநாளும் கார்களுக்கு நடுவே ஒன்பது பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மோட்டார் ஏறிவரும் சரிவில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பந்து அடிக்கிறார்கள். பின்னால் எடுக்கும் எம்பிவி காருக்கு அடியிலிருந்து பந்தைப் பொறுக்குகிறார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன்தான். ஆறடி உயரத்து ஏணியிலிருந்து அவர்களைக் காப்பாற்றி, ஓடும் வண்டிகளுக்கு நடுவே விட்டிருக்கிறோம்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். இது தெரிந்தும், நம்மில் பலர் காலையில் ஒரு பிள்ளையை முன்னால் நிற்க வைத்து, இன்னொன்றைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறோம். 2020 ஜனவரி முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். கார் இல்லாதவர் என்ன செய்வார்? நானும் மகளைப் பாலர்பள்ளிக்கு மோட்டாரில்தான் கொண்டுபோகிறேன், யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தினமும் செய்வதால் அந்த ஆபத்து நமக்குப் பழகிவிட்டது, வேறு வழியும் இல்லாததால் அதை எண்ணாமல் இருக்கிறோம். ஏணியிலிருந்து விழுவது அப்படியல்ல. எல்லாரும் பார்க்க நடக்கிறது, அலறல் கேட்கிறது, மறுநாள் மாவுக்கட்டோடு பிள்ளை லிப்டில் நிற்கிறது. மனம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றில், மேலேயிருந்து வந்து விழுந்த நாற்காலி தாக்கி 15 வயதுச் சிறுவன் இறந்தான். நம் பிள்ளை. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அடுக்குமாடியிலும் எல்லாரும் மேலே பார்த்துப் பார்த்து நடந்தார்கள். அப்புறம் மறந்துவிட்டோம். மோட்டார் நிறுத்துமிடமாக்கச் சொல்லும் மூலை பி கட்டடத்தின் பால்கனிகளுக்கு நேர் கீழே வருகிறது. அங்கே பூந்தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளை உள்ளே எடுக்கச் சொல்ல ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. ஆனால் அது எந்த யோசனையிலும் இல்லை.

கீழே இறங்காத பிள்ளைகள் வீட்டில் கைத்தொலைபேசியோடு இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, 5 முதல் 17 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன். அந்த வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 14 மாடிக் கட்டடத்தில் அந்த 60 நிமிடத்துக்கு இருக்கும் ஒரே இடத்தைத்தான் மோட்டாருக்குக் கொடுக்கப் பார்க்கிறோம்.

இங்கே பெரியவர்கள் ஒரு வாதத்தை எடுப்பார்கள். "நாங்கள் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தோம். ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா ரப்பர் பால் மரம் வெட்டப் போய்விடுவார். மரம் ஏறினோம், ஆற்றில் குதித்தோம். என்ன கெட்டுப்போனோம்?" என் பாட்டியும் இதைத்தான் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசைதான், ஆனால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆற்றிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றியும் அதே பாட்டி சொல்லியிருக்கிறார், குரலைத் தாழ்த்தி. தப்பித்தவர்கள்தாம் இன்று கதை சொல்கிறார்கள். மூன்றாவது யோசனையை நான் ஆதரிப்பது பழங்காலத்து நினைப்பால் அல்ல.

இரண்டாவது யோசனைக்கு வருவோம். குழுவில் பெரும்பாலோர் இதற்குத்தான் சாய்கிறார்கள். விற்பனையாளர் காட்டிய படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. புது ரப்பர் தரை நல்ல தரைதான், அதில் சந்தேகமில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டு மைதானக் கையேடு, புல்லையும் வெறும் மண்ணையும்கூடப் பாதுகாப்பான தரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. மிதிபட்டு மிதிபட்டு இறுகிவிடும் என்பதுதான் காரணம். சிமென்ட் தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேவையான தடிமனில் போட்டு, விழும் உயரத்துக்கு ஏற்பச் சோதித்த ரப்பர் தலைக்குப் பெரிய காப்பு.

தலைக்கு என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். இந்தத் தரைகளைச் சோதிக்கும்போது பார்ப்பது உயிருக்கு ஆபத்தான தலைக்காயத்தைத்தான். தலை வடிவத்தில் ஒரு கருவியை மேலேயிருந்து போட்டு அதிர்ச்சியை அளக்கிறார்கள். மூன்றாம் மாடிச் சிறுமிக்கு வந்ததுபோல, கையை ஊன்றி விழும்போது முறியும் எலும்புக்கு அந்தச் சோதனை உத்தரவாதம் தராது. "ரப்பர் போட்டுவிட்டால் இனி கை முறியாது" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது வெயில். கோலாலம்பூர் வெயிலில் அடர்ந்த நிற ரப்பரும் பிளாஸ்டிக் சறுக்கும் மதியம் தொட முடியாத அளவுக்குச் சுடும். மேலே கூரை இருந்தாலும் எங்கள் இடம் மேற்கைப் பார்த்தது, நாலு மணி வெயில் சாய்வாக உள்ளே வரும். சின்னப் பிள்ளைகளின் தோல் சில நொடிகளிலேயே கொப்பளித்துவிடும். காலணி இல்லாமல் இறங்கும் இரண்டு வயதுக்காரர்கள் எங்கள் கட்டடத்தில் எத்தனை பேர்! அதோடு, இப்போது இருக்கும் ஓடுகளும் ஒரு காலத்தில் புதியவைதாம். அவை இறுகியதை யாரும் பார்க்கவில்லை, சோதிக்கவில்லை. புதியதற்கும் பராமரிப்புத் திட்டம் எதுவும் அந்த விலைப் பட்டியலில் இல்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. அந்தத் தொகுதி நான்கு வயது மகளுக்கு அருமையாக இருக்கும். ஒன்பது வயது மகனுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும். சலித்தால் அவன் வீட்டுக்குப் போய்விட மாட்டான், குழாய்ச் சறுக்கின் வெளிப்பக்கம் ஏறிக் கூரையில் உட்காருவான். பக்கத்துக் கொண்டோவில் அப்படித்தான் நடக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். உள்ளே சவால் இல்லையென்றால் பிள்ளைகள் அதை வெளியே தேடிக்கொள்வார்கள். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007ல் பிள்ளைகள் விரும்பும் ஆபத்தான விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நெருப்பு நீர் போன்றவை, கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணுக்கு மறைந்து போய்வருதல். படிக்கும்போதே நம் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன. நெருப்பும் கத்தியும் அடுக்குமாடியில் வேண்டாம், சரி. உயரமும் வேகமும்கூட இல்லாமல் போனால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாவது யோசனை மூன்றாவதைவிடத் தெளிவாக மேல். எங்கள் கட்டடத்தில் சக்கர நாற்காலியில் வரும் பையன் ஒருவன் இருக்கிறான். ரப்பர் தரையில் அவன் ஊஞ்சல்வரை போகலாம், மணலில் சக்கரம் புதையும். மணல் போடுவதென்றால் நடைபாதையிலிருந்து ஊஞ்சல்வரையும் மேட்டின் ஓரம்வரையும் கெட்டியான பாதை போட்டே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் செலவு என்று வெட்டினால் நானே மூன்றாவது யோசனைக்கு வாக்களிக்க மாட்டேன்.

இனி மணல். இங்குதான் நான் அதிகம் தடுமாறினேன். அந்த அமெரிக்கக் கையேட்டின் கணக்கில், 9 அங்குல மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் தாங்கும். அதே 9 அங்குலத்துக்கு மரச்சீவல் போட்டால் 10 அடி. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176 வேறு கணக்குச் சொல்கிறது. களிமண் கலக்காத, 0.2 முதல் 2 மில்லிமீட்டர்வரை துகளுள்ள மணல் 20 சென்டிமீட்டர் ஆழமிருந்தால் 2 மீட்டர் உயரம்வரை போதும். பிள்ளைகள் காலால் தள்ளிவிடுவதற்கு இன்னொரு 10 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். ஒரே மணலுக்கு இரண்டு கணக்கு!

அப்புறம் டொரான்டோவிலிருந்து ஓர் ஆய்வு. அங்குள்ள பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் கருங்கல் மணலும் சிலவற்றில் மரச்சீவலும் போட்டுப் பார்த்தார்கள். 2009ல் முடிவு வெளியானது. உயரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவர்கள் மணல் தரையில் மிகக் குறைவு. அமெரிக்கக் கணக்கில் பின்தங்கிய மணல், பிள்ளைகள் நிஜமாக விழும்போது கைகளைக் கூடுதலாகக் காப்பாற்றியது. ஊன்றிய கைக்குக் கீழே மணல் நகர்ந்து வழிவிடுகிறது என்பது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஆய்வில் ரப்பர் இல்லை, ஆகவே ரப்பரை மணல் வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு நடந்த விபத்து கை முறிவுதான். அதைப் பற்றி நேரடியாகப் பேசும் ஆய்வைத் தள்ளிவைக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இது: கழுவிய மணல், 12 அங்குலத்துக்குக் குறையாமல். ஆறடி ஏணியை மணல் மட்டத்திலிருந்து ஐந்தடிக்கு இறக்குவது. அமெரிக்கக் கணக்குக்கு அது இன்னும் ஓரடி கூடுதல், ஐரோப்பியக் கணக்குக்குத் தாராளம். நான்கடிக்கு இறக்கினால் என் மகனைப் போன்றவர்கள் காலை மடக்கிக்கொண்டுதான் தொங்க வேண்டும், இரண்டாம் நாளே கார்களுக்கு நடுவே திரும்பிவிடுவார்கள். அந்த ஓரடியில் இருக்கும் ஆபத்தை நான் தெரிந்தே ஏற்கிறேன். இதை ஏற்காதவர்கள் கூட்டத்தில் சொல்லட்டும், பேசுவோம்.

மணலுக்குத் தினமும் வேலை உண்டு. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு முடியும் இடத்திலும் குழி விழும், வாரி நிரப்ப வேண்டும். பூனைகள் வரும், இரவில் வலை போட்டு மூட வேண்டும். அடியில் சரளைக்கல்லும் வடிகாலும் இல்லையென்றால் நம் மழைக்கு அது சேற்றுக்குளம்தான். பழைய டயர்களை வைத்து ஏறு சுவர் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். டயர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தேங்கும், ஏடிஸ் பெருகும்; அந்தக் கொசு அதிகம் கடிப்பதும் பிள்ளைகள் விளையாடும் அந்திவேளையில்தான். டிங்கி வந்து என் அண்ணன் மகள் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை.

நான்காவது யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாட்களில் பேரங்காடி விளையாட்டுக்கூடம் நல்ல துணை. தினப்படிக்கு அது ஆகாது. இரண்டு பிள்ளைகளுக்கும் நுழைவுக் கட்டணம், பிடிப்புக் காலுறை, கார் நிறுத்தும் பணம் என்று போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும். கூட்ட நாளில் டிராம்போலினில் ஐந்தாறு பேர் சேர்ந்து குதிப்பார்கள், காயங்களில் பெரும்பகுதி அப்படி ஒன்றாகக் குதிக்கும்போதுதான் நேர்கிறது.

எந்த யோசனை வென்றாலும் உடனே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஒரு பிள்ளை ஏணியின் உயரத்தைக் கண்ணால் பார்க்கிறது, பயப்படுகிறது, பாதியில் இறங்கிவிடுகிறது. அந்த ஆபத்தை அது தானே எடைபோடும். ஆனால் கம்பிகளின் இடைவெளியில் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஐரோப்பியத் தரநிலை 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளிகளை இதனால்தான் ஆபத்து என்கிறது. நானும் எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக்கும் அளவு நாடாவோடு போய் அளந்தோம். சறுக்கு மேடையின் கைப்பிடியில் ஒரு கம்பி எப்போதோ விழுந்திருக்கிறது, இடைவெளி 170 மில்லிமீட்டர். ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கி பாதி தேய்ந்திருக்கிறது. ஏணிக்காலில் ஒரு போல்ட் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. புலனக் குழுவில் வந்த இருநூறு சொச்சம் செய்திகளில் இந்த மூன்றும் ஒருமுறைகூட வரவில்லை. உயரத்தைப் பற்றித்தான் அத்தனை பேச்சும்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே 2012ல் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆபத்தை முழுக்க ஒழிப்பது நோக்கமல்ல, நன்மையையும் ஆபத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பதே அதன் சாரம். விதி போடுவதே வேலையாக உள்ளவர்கள் அப்படிச் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது.

பாதுகாப்பு என்று நாம் செய்வதே சில நேரம் அடிபட வைக்கும். பயத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குகிறோம். தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் உரசினால் அது நின்றுவிடும். மடியில் இருந்தாலோ பெரியவர் எடை முழுவதும் இழுக்க, மாட்டிய கால் முறுக்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவதற்கு இது மருத்துவர்கள் நன்றாக அறிந்த காரணம். என் மகளை நானே அப்படி எத்தனையோ முறை கொண்டுபோயிருக்கிறேன். அதேபோல் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஏணியில் ஏறினால் அதன் வார் கழுத்தை இறுக்கக்கூடும். சைக்கிளில் உயிரைக் காப்பது இங்கே உயிருக்கு உலையாகிவிடும்.

இப்போதுள்ள விதிப் பலகையில் ஓடாதே, ஏறாதே, கத்தாதே என்று மலாயில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. விளையாடாதே என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் ஐந்தே வரிகள் போதும் என்று கேட்டிருக்கிறேன்: ஏறும்முன் தலைக்கவசத்தையும் கழுத்துக் கயிறையும் கழற்று, மடியில் வைத்துச் சறுக்காதே, இடி கேட்டால் வீட்டுக்கு ஓடு, வெயிலில் தொட்டுப் பார்த்து உட்கார், உடைந்ததைக் கண்டால் இந்த எண்ணுக்குச் சொல்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தின் மேல் 10 விழுக்காடு நிதிச் சேமிப்புக்கு நாம் மாதாமாதம் கட்டுகிறோம். தேய்ந்த பொதுச் சாமான்களை மாற்றுவது போன்ற செலவுகளுக்குத்தான் அந்த நிதி. கழற்றினால் மட்டுமே காசு மிஞ்சும் என்று சொல்பவர்கள் அந்தக் கணக்கையும் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சூராவுக்கு (தொழுகைக் கூடத்துக்கு) பக்கத்து மண்டபத்தில். அதற்கு முன் வாக்களிக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாலை, ஐந்தரைக்கு, கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றச் சொன்ன மாமா நேற்று வந்தார். வளைவில் மோட்டார் ஒன்று சட்டென்று பிரேக் அடித்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே போனார். இன்று காலை லிப்டில் பார்த்தபோது, "மணல் லாரி உள்ளே வர அந்தக் கேட் அகலம் போதுமா?" என்று கேட்டார். அளந்து சொல்கிறேன் மாமா என்றேன்.